அளவெடுக்க அஞ்சியவர்: மெட்டபாலிக் சிண்ட்ரோமில் சுயமேலாண்மைக்கு உளவியல் உதவி – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் தனி ஒரு மனிதர் அல்லர். மெட்டபாலிக் சிண்ட்ரோமோடு (இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எனப் பல அளவுகள் ஒன்றாக எல்லை மீறும் நிலை) உளவியல் உதவிக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கக் கிடைக்கும் சிக்கல்களை ஒரே ஆளிடம் கூட்டிவைத்து எழுதியிருக்கிறேன். வயது, வேலை, பேச்சு, அளவுகள் எல்லாம் அதற்கேற்ப அமைத்தவை. ஆய்வுகளையும் அளவுகோல்களையும் பற்றிச் சொல்லும் இடங்கள் மட்டும் உள்ளது உள்ளபடி.

வந்த காரணம்

வயது 49. சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை, உணவுக் கட்டுப்பாடு இல்லை, அழைத்தும் பரிசோதனைக்கு வருவதில்லை, கவுன்சலிங் தேவை. அதற்கு முன் அவர் பார்த்த வேறோர் இடத்துக் கோப்பில் இன்னும் சுருக்கமாக, "ஒத்துழைப்பு இல்லை" என்றிருந்தது. இந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டால் எழுதியவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஏன் இல்லை என்று கேட்கும் வேலை அடுத்தவர் தலையில் விழுகிறது.

கடைசியாக எடுத்த அளவுகள்: இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ., எடை 92 கிலோ, ரத்த அழுத்தம் 142/90, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 228, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 36. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தன.

1988-இல் ஜெரால்டு ரீவன் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதில் சொல்லாத இன்சுலின் எதிர்ப்பை மையமாக வைத்து, ஒன்றாகக் கூடிவரும் இந்தக் கோளாறுகளுக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று புழங்கும் வரையறை, பல அமைப்புகள் 2009-இல் கூடி ஒத்துக்கொண்டது. ஐந்து அளவுகளில் எவை மூன்று எல்லை மீறினாலும் மெட்டபாலிக் சிண்ட்ரோம். ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ். ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். ஐந்தாவதான இடுப்பளவின் எல்லை மக்களினத்துக்கு ஏற்ப மாறும். ஆசியர்களுக்கு ஆண் 90, பெண் 80 செ.மீ. என்று கொள்கிறார்கள். இந்தக் கணக்கை அவரே அறிந்திருந்தார். "அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டேன் மேடம். ஸ்கூல்ல ஒரு நாளும் வாங்கினதில்லை" என்றார், முதல் சந்திப்பில். சிரித்தார். நான் சிரிக்கிறேனா என்றும் பார்த்துக்கொண்டார்.

மதிப்பீடு

முதல் இரண்டு சந்திப்புகளில் எந்த அறிவுரையும் தரவில்லை. வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறையில் முதல் பாடமே, எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டு வாங்குவதுதான். கேட்டதும் கொட்டினார். உப்பு, சர்க்கரை, பொரித்தது, வாரத்துக்கு 150 நிமிட நடை, எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது வரை. ஆலோசனைத் தாள்களைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார். இன்னொரு தாள் கொடுத்திருந்தால் அதையும் மடித்து வைத்திருப்பார்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாத்தாளில் 27-க்கு 11. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு 'இல்லை'. கூடுதலாகப் புள்ளி சேர்ந்த இடங்கள் தூக்கம், களைப்பு, 'நான் தோற்றுப்போனவன்' என்ற எண்ணம். முதல் இரண்டும் உடலிலிருந்தே வரக்கூடியவை, ஷிப்ட் வேலையிலிருந்தும் வரக்கூடியவை என்பதால், எண்ணை மட்டும் பார்த்து மனச்சோர்வு நோய் என்று முத்திரை குத்தவில்லை. ஆனால் மூன்றாவதை விட்டுவிட முடியாது.

மாத்திரை பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மறப்பதில்லையாம். "அன்னிக்கு நல்லா சாப்பிட்டிருந்தா போட்டுப்பேன். கண்டதையும் தின்ன நாள்ல போட்டு என்ன பிரயோஜனம்? தப்பும் பண்ணிட்டு மாத்திரையும் போடுறது ஏமாத்துற மாதிரி இருக்கு."

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறதா?

"இருக்கு. அலமாரி மேல்தட்டுல. டப்பாவோட."

சிக்கல் எங்கே இருந்தது

மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கு வலி கிடையாது. 142/90 என்பதை உடலால் உணர முடியாது. ட்ரைகிளிசரைடு 228 ஆனாலும் 128 ஆனாலும் காலையில் எழும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். மூட்டு வலிக்காரர் இன்று தேவலாம் என்று சொல்லிவிட முடியும். இவரால் முடியாது. தன் உடம்பைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் ஒரே செய்தி எண்கள்தாம். அந்த எண்களோ அவருக்குச் செய்தியாக வரவில்லை, தீர்ப்பாக வந்தன. ஒவ்வொரு பரிசோதனையும் 'நீ எப்படிப்பட்டவன்' என்பதற்கான விசாரணை.

விசாரணைக்குப் போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. அந்த நிம்மதியே தவிர்ப்புக்குக் கிடைக்கும் கூலி. அடுத்த முறை தவிர்ப்பது இன்னும் எளிதாகிறது. இடைவெளி நீள நீள அளவு மோசமாகியிருக்கும் என்ற பயம் கூடுகிறது, பயம் கூடக் கூடக் கருவி மேல்தட்டிலேயே தங்குகிறது. மருத்துவமனை இதை அலட்சியம் என்று படித்தது. உள்ளே இருந்தது அலட்சியத்துக்கு நேர் எதிரானது: அந்த எண்களைப் பற்றி அவர் நினைக்காத நாள் இல்லை.

மாத்திரைக் கதையும் இதே வேரில் கிளைத்ததுதான். குடியை விட்டவர் ஒரு வாய் குடித்துவிட்டு, 'போனது போச்சு' என்று முழுப் போத்தலையும் காலிசெய்யும் மனநிலையை ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-இல் விரிவாக எழுதினார்கள். ஒரு சறுக்கலைத் தன் குணத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்வதால் வரும் சரிவு அது. இவரிடம் அது இன்னும் ஒரு படி தாண்டி, உணவில் செய்த பிழைக்கு மாத்திரையை நிறுத்தித் தன்னைத் தண்டிப்பதாக மாறியிருந்தது. அதாவது மருந்து மிகவும் தேவைப்படும் நாளில்தான் மருந்து இல்லை.

நாள்பட்ட நோயோடு வாழ்பவருக்கு மூன்று வேலைகள் உண்டு என்று ஜூலியட் கார்பினும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் 1988-இல் வகுத்தார்கள்: மருத்துவத்தைக் கவனிப்பது, அன்றாடப் பொறுப்புகளைத் தொடர்வது, நோய் கிளப்பும் உணர்வுகளைக் கையாள்வது. சுயமேலாண்மைப் பயிற்சிகள் பலவற்றுக்கும் இதுதான் அடித்தளம். அவருடைய கோப்பில் முதல் வேலை மட்டுமே இருந்தது. இடறியது மூன்றாவதில்.

முதல் படி: மாத்திரையை உணவிலிருந்து பிரிப்பது

எதிலிருந்து தொடங்கலாம் என்று அவரையே கேட்டேன். எடை என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதுதான் மிகக் கடினமானது, மிக மெதுவானது, தோற்றால் மிகவும் வலிப்பது. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியதிலிருந்து இன்றுவரை மாறாத ஒரு பாடம், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு ஆகச் சிறந்த உரம் செய்து முடித்த அனுபவம் என்பது. எனவே நிச்சயம் முடியக்கூடிய ஒன்றைத் தேடினோம். மாத்திரை கிடைத்தது.

கடிகார நேரம் வைத்தால் ஷிப்ட் மாறும்போது குழம்பும். எந்த ஷிப்ட்டிலும் மாறாதது எது என்று தேடியபோது, தூங்கி எழுந்ததும் பல் தேய்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு மாத்திரையையும் அப்படி எடுக்கலாமா, ஷிப்ட் மாறும் நாளில் இடைவெளி எவ்வளவு போகலாம் என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்தோம். 'பல் தேய்த்து முடித்ததும் மாத்திரை போடுவேன், முந்தின நாள் என்ன சாப்பிட்டிருந்தாலும்' என்று ஒரு வாக்கியம். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் இந்த முறையைப் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் தெளிவாக வகுத்தார். வாக்கியத்தின் பின்பாதியைச் சேர்த்தது நாங்கள். அந்தப் பின்பாதிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

கருவி கீழே இறங்கியது

இலக்கை நோக்கிய முன்னேற்றத்தை அளந்துகொண்டே போவது இலக்கை எட்ட உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அதைத்தான் சொன்னது. ஆனால் அளவெடுக்க அஞ்சுபவரிடம் 'தினமும் அளந்து எழுதுங்கள்' என்று சொல்வது வீண். முதலில் அளவின் பொருள் மாற வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. கருவியைக் கட்டுவதற்கு முன் எவ்வளவு வரும் என்று ஊகித்து எழுத வேண்டும். பிறகு அளந்து, அதை அருகில் எழுத வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் பேசுவோம். அளவு நல்லதா கெட்டதா என்ற பேச்சே வேண்டாம். சந்திப்பின்போதே முதல் முறை செய்தார். மேல் எண்ணுக்கு ஊகம் 170. வந்தது 146. "இவ்வளவுதானா" என்றார். 146 நல்ல அளவல்ல. அதை அவரும் அறிவார். ஆனால் மாதக்கணக்கில் அவர் பயந்துகொண்டிருந்த எண் வேறு.

அளக்கும் முறையையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. வேலையிலிருந்து வந்த வேகத்தில், பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு அளந்தால் கூடுதலாகவே காட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு உயரத்தில் தாங்கலோடு இருக்க, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பின் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். அதற்கு முந்தைய அரை மணிக்குள் புகை, காஃபின் கூடாது. வீட்டில் 135/85 என்பது மருத்துவமனையின் 140/90-க்குச் சமம் என்பதையும் சொன்னேன்.

நாட்களை முன்பே குறித்துக்கொண்டோம். 'நல்ல நாள்' பார்த்து அளப்பதைத் தடுக்க இது ஒன்றே வழி. குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த ஷிப்ட் என்று இரண்டு கட்டங்கள். சிவப்பு மை வேண்டாம் என்பது அவருடைய யோசனை.

இன்னொன்றுக்கும் நேரம் ஒதுக்கினேன். இதைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு வேகத்தில் நகர்வது. ரத்த அழுத்தம் மாத்திரைக்குச் சில வாரங்களில் பதில் சொல்லும், மோசமான ஓர் இரவுக்கு மறுநாளே பதில் சொல்லும். ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் கணிசமாக ஏறி இறங்கும், ஒரே ரிப்போர்ட்டை வைத்துத் துள்ளவும் கூடாது, துவளவும் கூடாது. எச்.பி.ஏ.1.சி. ஏறத்தாழ மூன்று மாதம் பின்னால் நின்று பார்க்கும். இடுப்பளவு மெதுவாகத்தான் அசையும். எச்.டி.எல். எவ்வளவு முயன்றாலும் கொஞ்சமே ஏறும். இது தெரியாதவர் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி, 'ஒன்றுமே நடக்கவில்லை' என்ற முடிவுக்கு வருகிறார். நடந்திருக்கும், அவர் பார்த்த இடத்தில் தெரியாது. இவருக்கு அளவுகளின் வேகத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான் கொடுத்த ஒரே தாள் அதுதான்.

மனைவி வந்த நாள்

அவர் சம்மதத்தோடு ஒரு சந்திப்புக்கு மனைவியையும் அழைத்தோம். கணவரின் தட்டைக் கண்காணிப்பதே அவருக்கு முழுநேர வேலையாகியிருந்தது. "நான் சொல்லலேன்னா யார் மேடம் சொல்றது? இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே பாக்கணும்" என்றார். அது அதட்டல் அல்ல, அச்சம். கணவரோ வீட்டில் அளவாகச் சாப்பிட்டுவிட்டு வேலையிடத்தில் மறைவாகத் தின்றுகொண்டிருந்தார். மறைத்துத் தின்பது எப்போதும் வேகமாகத் தின்பது, கூடுதலாகத் தின்பது.

தட்டைப் பற்றி இனி மனைவி பேசுவதில்லை. பதிலுக்கு, கணவர் அளந்து எழுதும் குறிப்பேடு இருவரும் பார்க்கும் இடத்தில் இருக்கும் என்று உடன்பாடு. சாப்பிட்டு முடித்ததும் இருவரும் பத்து நிமிடம் நடப்பது என்பதை மனைவியே சொன்னார். உணவுக்குப் பின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்பதால் நானும் ஆமோதித்தேன்.

போகும்போது மனைவி சொன்ன ஒரு வாக்கியம் இந்த வழக்கையே பாதி திருப்பிவிட்டது: "குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு மூச்சே நின்னுபோயிடும். நான் தட்டி எழுப்புவேன்."

தூக்க மூச்சுத்தடைக்கான ஸ்டாப்-பேங் வினாத்தாளில் எட்டுக் கேள்விகளில் ஆறுக்கு 'ஆம்'. குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை இன்னொருவர் பார்த்தது, ரத்த அழுத்தம், 40 செ.மீ.யைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது. ஐந்து வந்தாலே அபாயம் அதிகம். மருத்துவரிடம் உடனே எழுதி அனுப்பினேன். தூக்கப் பரிசோதனை நோயை உறுதிசெய்தது. மூச்சுவழியைத் திறந்துவைக்கும் சி-பேப் கருவி பரிந்துரைக்கப்பட்டது. பி.எச்.கியூ-9-இல் தூக்கத்துக்கும் களைப்புக்கும் சேர்ந்த புள்ளிகளை மனதின் கணக்கில் மட்டும் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. மன உறுதி இல்லை என்று சொல்லப்பட்ட மனிதர் உண்மையில் ஆண்டுக்கணக்காகத் தூங்கியிருக்கவில்லை. தூக்கம் கெட்டால் இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறைகிறது, பசியும் கூடுகிறது. இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கவிட்டு அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவதைக் காட்டிய ஆய்வு 1999-லேயே வந்துவிட்டது. மெட்டபாலிக் சிண்ட்ரோமோடு வருபவரிடம் உளவியலாளர் தூக்கத்தைக் கேட்காமல் உணவைப் பற்றிப் பேசத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம்.

சறுக்கல்

சறுக்கல் வரும் என்பதை முதல் மாதத்திலேயே பேசிவைத்திருந்தோம். எப்போது வரக்கூடும் என்று கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொன்னார்: சரக்கு குவியும் பருவம், இரட்டை ஷிப்ட். அப்போது நீங்கள் வராமல் போனால் நாங்கள் என்ன செய்யலாம்? யோசித்துச் சொன்னார்: "எதுவும் கேக்காதீங்க. வாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னது போலவே அந்தப் பருவத்தில் காணாமல் போனார். செவிலியர் அனுப்பிய செய்தி முன்பே அவரோடு உட்கார்ந்து எழுதியது: எந்த அளவும் எடுக்க மாட்டோம், குறிப்பேடு வேண்டாம், நீங்கள் வந்தால் போதும். சில வாரங்கள் கழித்து வந்தார். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது என்று அவரே சொன்னார். அளந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். மாத்திரை விடுபடவில்லை. சி-பேப் மட்டும் பெட்டிக்குள் போயிருந்தது.

புதிய பழக்கம் படிய எவ்வளவு காலம் என்று ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் பார்த்தபோது நடுமதிப்பு 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இந்தத் தகவலை அவரிடம் சொன்னபோது 254 என்ற எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார். "அப்ப எனக்கு இன்னும் டைம் இருக்கு."

ஓராண்டு கழித்து

ரத்த அழுத்தம் 128/82. இடுப்பு 99 செ.மீ., எடை 87 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, ட்ரைகிளிசரைடு 171, எச்.டி.எல். 38, எச்.பி.ஏ.1.சி. 5.8. பி.எச்.கியூ-9 இப்போது 5.

வரையறையின்படி பார்த்தால் இன்றும் ஐந்துக்கு ஐந்துதான். ரத்த அழுத்தம் எல்லைக்குள் வந்திருந்தாலும் மருந்து எடுப்பவருக்கு அது எல்லை மீறியதாகவே கணக்கு. மற்ற நான்கும் முன்னேறியும் எல்லைக்குள் வரவில்லை. உண்டு-இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு முத்திரை, நோயறிவதற்குப் பயன்படலாம். முன்னேற்றத்தை அளக்க அது உதவாது. ரிப்போர்ட்டோடு உட்காரும்போது 'இன்னும் சிண்ட்ரோம் இருக்கிறது' என்று தொடங்குவதும், 'இடுப்பு 5 செ.மீ. குறைந்திருக்கிறது' என்று தொடங்குவதும் இரண்டு வேறு சந்திப்புகள். மருத்துவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

கலந்தாய்வு

எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை ஒழுங்காகப் போனதே அழுத்தம் இறங்கியதற்குப் பெருங்காரணமாக இருக்கலாம். தூக்கம் சீரானதற்கும் பங்கு உண்டு. உளவியல் உதவி எதையும் நேரடியாகக் குறைக்கவில்லை, மருந்தும் கருவியும் நடையும் அவரைச் சென்றடையும் வழியைத் திறந்துவிட்டது என்பதே சரியான கணக்கு.

வாழ்க்கைமுறை மாற்றத்தின் பலத்துக்குப் பெரும்பாலும் காட்டப்படும் சான்று, 2002-இல் முடிவு வெளியான டயபடிஸ் பிரிவென்ஷன் புரோகிராம் என்ற சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு. 3,234 பேரில் வாழ்க்கைமுறைக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த குழுவில் 31. மெட்டபாலிக் சிண்ட்ரோம் புதிதாக வருவதும் வாழ்க்கைமுறைக் குழுவில் 41 சதவீதம் குறைந்தது. 58-ஐ மேற்கோள் காட்டுபவர்கள் அதற்குப் பின்னால் இருந்ததைச் சொல்வதில்லை: ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்றுநர், தொடக்கத்தில் மட்டும் 16 பாட அமர்வுகள், பிறகும் தொடர்ந்த தொடர்பு. அந்த ஆதரவைக் கழற்றிவிட்டு அறிவுரையை மட்டும் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்குத் தீவிர வாழ்க்கைமுறைப் பயிற்சி தந்த லுக் அஹெட் ஆய்வில், எடை குறைந்தும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை என்று 2013-இல் வெளியாயிற்று. அதனால் இவரிடம் இதயத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் சொல்லவில்லை.

தனி மனிதரிடம் வேலை செய்வதன் எல்லையும் இங்கே தெரிகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் 2 ஆய்வு, வேலை அழுத்தம் நீடித்தவர்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2006-இல் காட்டியது. இவருடைய சறுக்கலுக்குக் காரணம் இரட்டை ஷிப்ட். அதை ஊக்க நேர்காணலால் மாற்ற முடியாது. ஷிப்ட் சுழற்சியை மாதத்துக்கு ஒரு முறையாக மாற்றக் கேட்டு மருத்துவர் சான்று எழுதினார். நிறுவனம் பாதி ஒப்புக்கொண்டது: சுழற்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று, இரட்டை ஷிப்ட் தொடர்கிறது.

மருத்துவக் குழுவில் ஒரு மாற்றம் மட்டும் நிலைத்தது. சந்திப்பைத் தவறவிட்டு வருபவரிடம் 'ஏன் வரல' என்று கேட்பதை நிறுத்தியிருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் உள்ளவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்லிவைத்தோம், ஏனென்றால் நோயாளி முதலில் கேட்கும் குரல் அவர்களுடையது.

சி-பேப் இன்னும் ஒழுங்காகவில்லை. முகமூடி இறுக்குகிறது என்கிறார், இரவில் பாதியில் கழற்றிவிடுகிறார். வேறு அளவு முகமூடி பார்க்கச் சொல்லியிருக்கிறது. பகலில் விழித்திருக்கும்போது சிறிது நேரம் மாட்டிப் பழகும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று. எச்.டி.எல். 40-ஐத் தொடும் என்று ஊகம் எழுதி வைத்திருக்கிறார். நான் 37 என்று எழுதியிருக்கிறேன்.